முட்டை மாஃபி, புக்ரா வா

போன வெள்ளிக்கிழமை குளியலறையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து ஒரு புல்லாங்குழல் இசை வந்தது. சின்னதுதான். ஏறிப் போகும், ஒரு படி சறுக்கும், மறுபடியும் ஏறும். சோப்பைக் கழுவாமலே ஓடிவந்தேன்.

டிவி முன்னால் என் மகள் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு குடிசை, ஒரு கிழவி, காலடியில் ஒரு சிவப்புக் கோழி.

"கோழிக்கார உம்மா!" என்று கத்திவிட்டேன்.

"யாரு வாப்பா?"

"இந்தக் கிழவிதான். முதல் பாகத்துலேயே இருந்தா. இதே கோழி, இதே பாட்டு."

"ஓ! அப்போ இது ஈஸ்டர் எக், வாப்பா."

"இல்லம்மா, அவ விக்கிறது சாதாரணக் கோழி முட்டைதான்."

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். பழைய பாகத்தில் வந்த ஓர் ஆளையோ பொருளையோ பாட்டையோ புதுப் பாகத்தில் ஒரு மூலையில் ஒளித்து வைப்பார்களாம். பழசை விளையாடியவர்களுக்கு மட்டும் அது பிடிபடும். அதற்குத்தான் அந்தப் பெயராம். என் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி, எனக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் அந்தக் கிழவியைக் கண்டுபிடித்த நாளில் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று தெரியும். அதைத்தான், பிள்ளைகளே, உங்களுக்கு எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் ஜித்தாவில், ஷரஃபியாவில் இருந்தோம். ஊருக்குப் போகிறவர்கள் வாங்கும் பெரிய பெரிய பயணப் பெட்டிகளை விற்கும் கடை வாப்பாவுடையது. கடைக்கு மேலேயே வீடு. எனக்கும் ராத்தாவுக்கும் ஆறு வயது வித்தியாசம். ராத்தா என்றால் அக்கா. வெளியே ஓடியாட இடமில்லாததால், வாப்பா ஒரு கேம் பெட்டி வாங்கித் தந்தார். அதற்குக் கிடைத்த டிஸ்க்குகளில் எங்களுக்குப் பிடித்தது ஒரு ஜப்பானியக் கதை விளையாட்டு. ஒரு பையன் ஊர் ஊராக நடப்பான், எதிர்ப்பட்ட ஆட்களோடு பேசுவான், பூதங்களோடு சண்டை போடுவான். ஒரே ஒரு குறை. எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. கடைக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார்: "இங்கிலீஷ் மாஃபி." மாஃபி என்றால் அரபியில் இல்லை என்று அர்த்தம்.

இருந்தாலும் எனக்குக் கதை முழுவதும் தெரியும். ராத்தா வாசித்துச் சொல்வாள். திரையில் கட்டம் திறந்து எழுத்து ஓட ஓட, ஆளுக்கு ஒரு குரலில் தமிழில் பேசுவாள். அந்த நாட்டு ராஜாதான் கஃபீல். கஃபீல் என்றால் நம்மை வேலைக்கு எடுத்த அரபி முதலாளி. அவர் சம்மதித்தால்தான் ஊருக்குப் போகமுடியும். கதையிலும் அப்படியே, ராஜா சிவப்பு முத்திரை குத்திய தாளைத் தராமல் கோட்டை வாசல் திறக்காது. தாளைக் கொடுக்கும்போது ராத்தா மூக்கால் பேசுவாள்: "எக்சிட் அடிச்சாச்சு, யல்லா!" யல்லா என்றால் கிளம்பு. மலைமேல் நெருப்புக் கக்குகிற டிராகன்தான் ஏர்போர்ட்டில் பெட்டியை எடை போடுகிற ஆள். "ரெண்டு கிலோ கூட இருக்கு, எடு வெளியே!" என்று அது உறுமும்போது வாப்பாகூடச் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரிப்பார். ஆனால் வெளியில் மட்டும் அந்தப் பெட்டிக்கு இப்லீஸ் பெட்டி, அதாவது சைத்தான் பெட்டி என்றுதான் பெயர் வைத்திருந்தார்.

முதல் பாகத்தின் முதல் கிராமத்தில் இருந்தவள்தான் கோழிக்கார உம்மா. எப்போது போய்ப் பேசினாலும் ஒரே பதில்தான் சொல்வாள்: "முட்டை மாஃபி, புக்ரா வா." முட்டை இல்லை, நாளைக்கு வா. நாளைக்குப் போனாலும் அதே பதில். அதைக் கேட்பதற்கென்றே வாசல்வரை போய்த் திரும்பி வருவோம்.

ராத்தா பத்தாம் வகுப்பு முடித்தாள். இனிமேல் ஊரில் மாமி வீட்டில் இருந்து படிக்கட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அவளைக் கேட்கவில்லை. ஏர்போர்ட்டில் அவள் பெட்டியை எடை போட்டபோது நான் மூக்கால், "எக்சிட் அடிச்சாச்சு, யல்லா!" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஊருக்குப் போனவள் எங்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து, சாப்பாடும் முடிந்தபின், உம்மா போன் போடுவார். மாமிதான் எடுப்பார். "மாடியிலேயே இருக்கா, கூப்பிட்டா வரமாட்டேங்குறா, மதினி. சாப்பிடுறா, படிக்கிறா. பேச்சுத்தான் இல்லே" என்பார். உம்மா போனை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிடுவார். வாப்பா சத்தத்தைக் குறைத்துவைத்துச் செய்தி பார்ப்பார்.

எனக்கு வேறு கவலை. மூன்றாம் பாகம் வந்துவிட்டது, வாசிக்க ஆளில்லை. ராத்தாவுக்கு ஜப்பான் மொழி தெரியும் என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது ராஜா வாயைத் திறந்தால் எறும்புக் கால் மாதிரி எழுத்துகள் ஓடின. பேச்சில்லை. பட்டனை அழுத்தி அழுத்தி, ஊமைகளின் நாட்டில் நடப்பது போல நடந்துகொண்டிருந்தேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு பாலைவன ஊரில், கிணற்றுக்குப் பின்னால் யாரும் போகாத சந்துக்குள் நுழைந்தேன். இசை மாறியது. ஏறி, சறுக்கி, மறுபடி ஏறியது. குடிசைக்குள் அவள்! முடி முழுக்க நரைத்திருந்தது. காலடியில் அதே சிவப்புக் கோழி.

அடுப்படிப் பக்கத்து நடையில் உம்மா அப்போதுதான் மாமியோடு பேசிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் குதித்தேன். "ராத்தாகிட்டே சொல்லுங்க, கோழிக்கார உம்மா வந்துட்டான்னு!"

"போடா, நீயும் உன் கோழியும்."

ஆனால் அது மாமியின் காதில் விழுந்துவிட்டது. ஊரிலிருந்து யாரோ ஜித்தாவுக்கு விருந்தாளியாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கவேண்டும், அங்கிருந்தே மாடியைப் பார்த்துக் கத்தினார்: "ஏ புள்ளே, கோழிக்கார உம்மா வந்திருக்காளாம்!"

பிறகு உம்மா என் தோளை இறுகப் பிடித்தார். படியில் யாரோ இறங்கும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. போன் என் காதுக்கு வந்தது.

"எங்கேடா?" என்றாள் ராத்தா.

"மூணாம் பாகத்துலே. பாலைவனத்துலே."

"பொய்."

"சத்தியமா! கோழியும் கூடவே வந்திருக்கு."

"பாட்டைப் போடு, கேக்குறேன்."

போன் நடையில் இருந்தது, டிவி ஹாலில். போன் ஒயரை இழுத்தேன், எட்டவில்லை. இன்னும் இழுத்தேன், போனே மேசையிலிருந்து கீழே சரிந்தது. அப்போது ஹாலில் செய்தித்தாளோடு இருந்த வாப்பா எழுந்தார். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவரோ டிவியின் பின்பக்கம் போய், "பிளக்கைப் பிடுங்கு" என்றார்.

"சேவ் பண்ணணும் வாப்பா!"

"பண்ணு, ஜல்தி!"

அந்தக் காலத்து டிவி, பிள்ளைகளே, இப்போது மாதிரித் தகடு இல்லை. குட்டி யானை கனம் இருக்கும். சாமான் கட்டிய பெட்டியைத் தூக்குகிற மாதிரி வாப்பா அதை வயிற்றோடு அணைத்துத் தூக்கினார். உம்மா போனில் கெஞ்சினார்: "வச்சிராதே புள்ளே, வச்சிராதே. வாப்பா டிவியைத் தூக்கிட்டு வர்றாங்க."

"எதுக்கும்மா?"

"கோழிக்கு!"

நடையில் இருந்த வாஷிங் மெஷின்மேல் டிவி ஏறியது, பக்கத்தில் கேம் பெட்டி. ஒயர்களைச் செருகி, கேமை மறுபடி போட்டு, அது மெதுவாக எழுந்து வரும்வரை எல்லோரும் திரையையே பார்த்து நின்றோம். குடிசைக்குள் நுழைந்தேன். உம்மா போனை ஸ்பீக்கர் பக்கம் பிடித்தார்.

பாட்டு ஓடியது.

"அவதான்" என்றாள் ராத்தா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. "என்னடா சொல்றா?"

"எனக்கெப்படித் தெரியும்? நீதானே வாசிப்பே."

"எனக்கு எங்கேடா ஜப்பான் தெரியும்? எல்லாம் நானாச் சொன்னது. இப்போ நீதானே பார்க்குறே. நீ சொல்லு."

எழுத்துகளைப் பார்த்தேன். கிழவியைப் பார்த்தேன். பிறகு, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, குரலை மாற்றிக்கொண்டு வாசித்தேன்:

"புக்ரா வான்னு சொன்னேனே, இவ்வளவு நாளா எங்கே போனே? நீ மட்டும் வந்திருக்கே. ராத்தா எங்கே?"

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு கோழிக்கார உம்மாவின் பழைய குரல், பாதியில் உடைந்து உடைந்து வந்தது: "முட்டை மாஃபி... புக்ரா வா." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உம்மாகிட்டே குடுடா" என்றாள்.

உம்மா தரையில் உட்கார்ந்து பேசினார். அதிகமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் கிழவியை விட்டு அடுத்த ஊருக்குப் போகப் பார்த்தேன். டிவி வழுக்கி விழாமல் ஒரு கையால் பிடித்தபடி நின்ற வாப்பா, "அங்கேயே நில்லு. பாட்டை நிறுத்தாதே" என்றார்.

போன வெள்ளிக்கிழமை, அந்தக் கிழவி உண்மையிலேயே என்னதான் சொல்கிறாள் என்று மகளிடம் கேட்டேன். மகள் விளையாடுவது, அதே மூன்றாம் பாகத்தை இங்கிலீஷில் புதிதாகப் போட்ட பதிப்பு. வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள்: "கோழியை இடம் மாத்தினா கொஞ்ச நாளைக்கு முட்டை போடாது. திட்டாதே. தானாப் போடும்."

அதை அப்படியே ராத்தாவுக்கு அனுப்பினேன். அவள் இப்போது பஹ்ரைனில், ஈசா டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். உடனே குரல் பதிவு வந்தது. "அப்போ நான் வாசிச்சது சரிதானேடா? புக்ராதானே சொன்னேன்!"

ஜித்தாவில் அந்த டிவி, அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஹாலுக்குத் திரும்பவில்லை. அந்த வருடம் முழுக்க நடையிலேயே, வாஷிங் மெஷின்மேலேயே இருந்தது. உம்மா சோற்றுச் சட்டியோடு ஒயர்களைத் தாண்டித் தாண்டிப் போவார், ஒரு வார்த்தை திட்டியதில்லை. வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவியதும் வாப்பாவே, "டேய், அந்தக் கோழிப் பாட்டைப் போடு" என்று என்னை விரட்டுவார். போட்டுவிட்டுத்தான் ஊருக்கு நம்பரைச் சுற்றுவார்கள். அந்தப் பக்கம் ராத்தாவே வந்து எடுப்பாள். இப்லீஸ் பெட்டி என்ற பேச்சே வீட்டில் இல்லாமல் போனது.

கடைசியில் வாப்பாவுக்கும் கேம் பிடித்துவிட்டது என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.