ஐந்தாவது ஜோடிச் செருப்பு

எங்கள் வீட்டு இரும்புக் கதவுக்கு வெளியே நின்று, அதை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் மாரிசெல்வி. பச்சைப் பெயிண்ட் உரிந்து உள்ளிருக்கும் இரும்பு பளபளக்கிற இடம் ஒன்று. கொண்டி இருக்கிற இடம் அதற்கு ஒரு முழம் தள்ளி. உரிந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தள்ளிப் பார்க்கிறாள். கதவு திறக்கவில்லை. எதிர்பார்த்தது நடந்துவிட்டதுபோல் தலையை ஆட்டிக்கொள்கிறாள்.

"வாரவுக எல்லாரும் இங்கனதான் தள்ளுறாக அத்தை. கொண்டியை அங்கன வச்சது யாரு?"

"வாரவுகளுக்குக் கண்ணு இல்லையாக்கும்? பாத்துத் திறக்க வேண்டியதுதானே?"

"அவுக மேல என்ன தப்பு? தப்பு கொண்டி மேல."

மறுநாள் வெல்டிங் கடைக்காரர் ஒருவரைக் கையோடு கூட்டிவந்து கொண்டியை இடம் மாற்றிவிட்டுத்தான் ஓய்ந்தாள். அன்று முதல் என் வீட்டுக் கதவு பிள்ளைப்பூச்சிபோல் அடங்கிவிட்டது.

விருதுநகரில் எங்கள் தெருவில், எதிர்வீட்டில் இருக்கிறாள். இருபத்தைந்து வயது. ஒல்லி. நடக்கும்போது தரையைப் பார்க்க மாட்டாள், வானத்தையும் பார்க்க மாட்டாள். எதிரே வருகிறவர்களின் கைகளைப் பார்ப்பாள். ரேஷன் கடையில் முன்னால் நிற்கிற பெண் பையை எந்தத் தோளில் போட்டுக்கொண்டு அட்டையை எந்தக் கையால் நீட்டுகிறாள், பேருந்தில் கைக்குழந்தைக்காரி எதைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள், இதெல்லாம் அவளுக்கு வேண்டும். யாரிடமும் "இது எப்படி இருக்கு?" என்று கேட்டதில்லை. "செஞ்சு காட்டுங்களேன்" என்பாள். ஒருமுறை என் அடுப்படியில் நான் காப்பி போடுவதை ஒரு மூலையில் ஒதுங்கி நின்று பார்த்துவிட்டு, "சீனி டப்பாவுக்காக மூணு தடவை குனியுறீக அத்தை" என்றாள். இத்தனை வருடமாகக் குனிந்திருக்கிறேன். வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தகப்பன் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். தாய் பொன்மணி, சாத்தூர்ப் பக்கத்து வெடி ஆலை ஒன்றில், வெடிமருந்து கலந்து அடைக்கிற மருந்து அறையில் வேலை பார்க்கிறவள். அந்தக் கூலியில்தான் மகள் மதுரையில் பொறியியல் படித்தாள். பிறகு பெங்களூருக்குப் போய் வடிவமைப்புப் படித்தாள். 'டிசைன் படிப்பு' என்றதும் தெருவே அவள் வாசலில் நின்றது. கல்யாணப் பத்திரிகைக்கு டிசைன், பூப்புனித நீராட்டு விழாவுக்கு ஃபிளெக்ஸ். "எம் மகனை மட்டும் கொஞ்சம் செவப்பாப் போட்டுரு பாப்பா" என்று ஒரு மாமா கேட்டார். மாரிசெல்வி சிரித்துக்கொண்டே போட்டும் கொடுத்தாள். பொன்மணிக்குத்தான் பொறுக்கவில்லை. "அது அந்தப் படிப்பு இல்ல மதினி. சனங்க ஒரு வேலையை எப்படிச் செய்யுதாகன்னு உக்காந்து பாத்து, அதுக்குத் தக்கன கம்ப்யூட்டர்ல செஞ்சு குடுக்கிற படிப்பு" என்று என்னிடம் விளக்கினாள்.

பெங்களூரிலேயே நல்ல வேலை கிடைத்திருக்கும். தாயின் இருமல்தான் மகளை ஊருக்கு இழுத்து வந்தது. இங்கேயே, மிளகாய்க் கிட்டங்கி ஒன்றின் மாடியில் இயங்குகிற சிறிய மென்பொருள் நிறுவனத்தில் தற்காலிக ஆலோசகராகச் சேர்ந்தாள். முதல் வேலை. கீழே மூட்டை பிரிக்கிற நாளில் மாடியில் அத்தனை பேரும் தும்முவார்கள். வாடிக்கையாளருக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே தும்முவார்கள். அவளுக்குக் கொடுத்த அடையாள அட்டையை முதல் நாளே பொன்மணி சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக்கொடுத்தாள். ஓரத்தில் ஒட்டிய குங்குமம் இன்னும் போகவில்லை.

தாய்க்கும் மகளுக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. வேலை நிரந்தரமான அன்றே பொன்மணி ஆலைக்குப் போவதை நிறுத்திவிட வேண்டும். "அவளுக்கு ஆர்டர் கையில வரட்டும் மதினி. மறுநா அந்த ஆலை வேன்காரன் ஆரனை அடிச்சுக்கிட்டே கிடக்கட்டும், நான் எந்திரிக்கவே மாட்டேன்" என்று பொன்மணி சொல்லும்போது, இருமலுக்கு நடுவிலும் அவள் முகத்தில் ஒரு குறும்பு வரும். அந்தக் குறும்புக்காகவே அந்தப் பெண்ணுக்கு வேலை நிலைக்க வேண்டும் என்று நான் வேண்டாத கோயில் இல்லை.

விதி பாருங்கள், அவளுக்கு வந்த முதல் பொறுப்பே ஒரு வெடி ஆலைதான். தாய் வேலை பார்க்கிற ஆலை இல்லை, வேறு. எந்த அறையில் இந்த நேரத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று அலுவலகத் திரையில் தெரிய வேண்டும். விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால், வாசலில் வந்து விழுகிற சனங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? அதற்கான மென்பொருள். இங்கே சரியாக ஓடினால் மற்ற ஆலைகளுக்கும் விற்கலாம் என்பது நிறுவனத்தின் கனவு.

மாரிசெல்வி பருத்திச் சுடிதார் போட்டுக்கொண்டு போனாள். கைபேசியை வாசலில் ஒப்படைத்தாள். அறை வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தைத் தரையில் இறக்கினாள். போர்மேன் மொக்கைச்சாமியிடம் அவளுடைய வழக்கமான கேள்வி.

"எந்த ரூம்ல எம்புட்டு ஆளுன்னு எப்படிக் கண்டுக்கிடுவீக அண்ணாச்சி? செஞ்சு காட்டுங்களேன்."

"இதுல என்னத்தச் செஞ்சு காட்ட? செருப்பைப் பாரு பாப்பா."

மருந்து அறைக்குள் யாரும் செருப்போடு நுழையக் கூடாது. வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளைப் பார்த்தே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறார் அவர். தேய்ந்த குதிகால், ஊக்கு குத்திய வார், புதுசாக வாங்கிய ஊதா, ஒவ்வொன்றும் ஓர் ஆள். மாரிசெல்வி குனிந்து பார்த்தாள். ஓர் அறை வாசலில் ஏழு ஜோடி கிடந்தது.

"நாலு பேருக்கு மேல கூடாதுன்னு செவத்துல எழுதியிருக்கே அண்ணாச்சி?"

"செவத்துல நாலுதான். சீசன் நேரத்துல செவரா வந்து வெடி உருட்டும்?"

அவள் செய்த திரையை நான் பார்த்திருக்கிறேன். எழுத்து அதிகம் இல்லை. ஒரு ஜோடிச் செருப்புப் படம். வாசல் செருப்புகளைப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு வருகிற போர்மேன் அதைத் தொட்டுப் பெயரைச் சொன்னால் ஓர் ஆள் சேர்ந்துவிடும். மறுபடி தொட்டால் இன்னோர் ஆள். எத்தனை பேர் இருந்தாலும் இடம் இருந்தது. எதைச் செய்தாலும் முதலில் தாயிடம்தான் கொடுத்துப் பார்ப்பாள். "இதுல நாலெழுத்துப் படிச்சவ நான்தானே, நான் பாஸ் போட்டாத்தான் செல்லும்" என்று பொன்மணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவாள். அந்தச் செருப்புத் திரைக்கு உடனே பாஸ் போட்டாள்.

நிறுவனத்தின் உரிமையாளர் ராஜபாண்டியனுக்கும் பிடித்துப்போயிற்று. "பெங்களூர் பெங்களூர்தான்" என்று தும்மலுக்கு நடுவே பாராட்டினார். திரையை எடுத்துக்கொண்டு ஆலை முதலாளியிடம் போனார்கள். முதலாளி சிரித்த முகத்தோடு செருப்பைத் தொட்டார். ஐந்தாவது முறை தொட்டபோதும் ஆள் சேர்ந்தது, ஆறாவது முறையும். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

திரும்பி வந்ததும் ராஜபாண்டியன் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதட்டவில்லை, அதட்டியிருந்தால் தேவலை என்று அவள் என்னிடம் சொன்னாள்.

"நாலுக்கு மேல ஏறக் கூடாது தாயி. சட்டத்துல உள்ளதைத்தானே கேக்குறாக?"

"உள்ள நாலு பேரு இருந்தா சரிதான் சார்."

"உள்ள எம்புட்டுப் பேருன்னு எண்ணுறதுக்கா நம்மளைக் கூப்பிட்டாக?"

"ஆமா சார். அதுக்குத்தான் கூப்பிட்டாக."

கீழே யாரோ மூட்டையை இழுத்துப்போட்டார்கள். இருவரும் தும்மினார்கள்.

"அஞ்சாவதா தொட்டா, கூடாதுன்னு எழுத்து கிழுத்து ஒண்ணும் வர வேண்டாம். பேசாம நின்னுரட்டும். இந்த வேலையை வச்சுத்தான் ஒன் ஆர்டர்ல நான் கையெழுத்துப் போடணும். அம்மாவை நெனச்சுக்கோ."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கொடுமை. உண்மையிலேயே அவளுடைய அம்மாவை நினைத்துத்தான் சொன்னார்.

அந்தப் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு வேலையைச் செய்து கொடுத்தால், தாய் இனிமேல் எந்த மருந்து அறைக்குள்ளும் கால் வைக்க வேண்டாம். செய்யாவிட்டால், தாய்க்கு விடிந்தால் வேன். செய்து கொடுத்தாலோ, ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு மகள் ஆலை வாசலில் வந்து நின்று தன் தாயின் பெயரைச் சொல்லிக் கதறும்போது, 'அப்படி ஒரு ஆளே உள்ளே இல்லை' என்று திரை சொல்லும். வாரப் பத்திரிகைகளுக்கு நான் எழுதுகிற தொடர்கதைகளில் எத்தனையோ பெண்களை எத்தனையோ முச்சந்திகளில் நிறுத்தி அழவைத்திருக்கிறேன். இப்படி ஒரு முச்சந்தி எனக்குத் தோன்றியதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். அவளாகவே காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணைப் பார்க்கவில்லை.

"செஞ்சுட்டேன் அத்தை."

"என்னத்த?"

"ஒரே ஒரு நம்பரை மாத்துனேன். அம்புட்டுதான் வேலை. கண் மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." பிறகு, "ஏதாச்சும் எர்ரர் வரும்னு பாத்தேன். நல்லா ஓடுது" என்றாள்.

அழுதிருந்தால் தலையைத் தடவிக்கொடுத்திருப்பேன். அவள் காப்பியைக் குடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்தாள். போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிறு. மதியச் சாப்பாடு முடிந்து, கொஞ்சம் கருவாட்டுக் குழம்பை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். பொன்மணி தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மகள் சுவரோரம் படுத்திருந்தாள், தூங்கவில்லை.

"பாத்தீகளா மதினி? வேலையை முடிச்சுட்டாளாம். நாளைக்குக் கொண்டுபோய்க் குடுக்காளாம். என்ட்ட காட்டவே இல்ல!"

"முன்னாடி பாத்ததுதாம்மா. வேற ஒண்ணும் இல்ல."

"அதெப்படி? நான் பாஸ் போடாம வெளிய போயிருமா? கொண்டா இங்க."

மகள் எழுந்திருக்கவில்லை. பொன்மணியே எட்டி அவள் தலைமாட்டிலிருந்த கைபேசியை எடுத்தாள். கண்ணாடியை மாட்டினாள். மாரிசெல்வி எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எங்க ரூம்பையே போட்டுப் பாக்கேன். மொதல்ல வள்ளித்தாயி. கைப்பிள்ளைக்காரி, அவ மொதல்ல இருக்கட்டும்." செருப்பைத் தொட்டாள். பெயரைச் சொன்னாள். சேர்ந்தது. "மாடத்தி." சேர்ந்தது. "சண்முகக்கனி. அவ சத்தம் போட்டுப் பேசுவா, போனே பயந்துக்கிடும்." சிரித்தாள். அதுவும் சேர்ந்தது. "பேச்சியம்மா மதினி."

நான்கு ஜோடிச் செருப்புகள் திரையில் வரிசையாக நின்றன. பொன்மணி தன்னைக் கடைசியில் வைத்துக்கொண்டிருந்தாள். சோற்றுப் பானையிலிருந்து பிறருக்கெல்லாம் போட்டுவிட்டுத் தனக்கு எடுத்துக்கொள்கிற கை அது. வேறு எப்படி வைக்கும்?

"கடேசியா, பொன்மணி." தொட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

"பொன்மணி" என்றாள், கொஞ்சம் உரக்க. மறுபடி தொட்டாள். திரை பேசாமல் நின்றது. நான் மாரிசெல்வியைப் பார்த்தேன். அவள் தாயின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்மணி தன் ஆள்காட்டி விரலைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளி மருந்து என்கிற அலுமினியப் பொடி நகக்கண்ணில் இறங்கி, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாமல் சாம்பல் நிறத்தில் மினுங்குகிற விரல். சேலை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். நாக்கில் தொட்டு ஈரமாக்கி மறுபடி துடைத்தாள். தொட்டாள். இன்னொரு தரம் துடைத்துக்கொண்டு தொட்டாள்.

"என் கையில மருந்து ஒட்டிக் கிடக்குல்ல, அதான் ஒத்துக்கிட மாட்டேங்கு" என்றாள், என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல. "நேத்தெல்லாம் அந்த மருந்துலதான் கெடந்தேன். போனு நல்லாத்தான் இருக்கு மதினி. தப்பு என் கை மேல."

பிறகு கைபேசியை மகள் பக்கம் நீட்டினாள்.

"இந்தா தாயி, நீ அமுக்கு. ஒன் வெரலு சுத்தமா இருக்கு. எம் பேரை நான் சொல்லுதேன்."

மாரிசெல்வி நகர்ந்து வந்து தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பொன்மணி" என்றாள் தாய், திரைக்கு அருகே குனிந்து, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதும் பதில் சொல்கிற பிள்ளைபோல. மகள் விரலை நீட்டி அந்தச் செருப்பைத் தொட்டாள். தாய் மறுபடி பெயரைச் சொன்னாள். மகள் மறுபடி தொட்டாள்.