பிராக்கில் அப்பா ஏற வேண்டாத படிகள்

1. என் அண்ணன் ஐரோப்பாவில் பிராக் நகரத்தில் வேலை பார்க்கிறான், அண்ணியும் அங்கேதான். இரண்டு பக்கத்துப் பெற்றோரையும் ஒரே வாரத்தில் அங்கே வரச் சொன்னான். விழுப்புரத்திலிருந்து எங்கள் அப்பா அம்மா, திண்டிவனத்திலிருந்து அண்ணியின் அப்பா அம்மா.

2. ஏழு நாளில் எந்தெந்த இடத்தைப் பார்ப்பது என்று திட்டம் போடும் வேலையை என்னிடம் கொடுத்தான். நான் போகவில்லை, எனக்கு லீவு இல்லை.

3. கம்ப்யூட்டரில் ஒரு அட்டவணை போட்டேன். அதே ஃபைலில் இரண்டாவதாக இன்னொரு பக்கமும் வைத்திருந்தேன். அது எனக்கும் அண்ணனுக்கும் மட்டும்.

4. ஃபைலை அப்படியே அண்ணியின் அப்பாவுக்குப் போனில் அனுப்பிவிட்டேன்.

5. அவர் அதை ஒரு பக்கம் விடாமல் பிரிண்ட் எடுத்தார்.

6. எங்களை வீட்டுக்கு அழைத்து, இரண்டாவது பக்கத்தை எல்லோர் முன்னாலும் படித்தார்.

நான்காவது என் தவறு. சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. அடுத்தவர்கள் கவனிக்காமல் விட்டதைக் கண்டுபிடித்து எழுதத்தான் தினமும் பஸ் பிடித்து பாண்டிச்சேரிக்குப் போய்வருகிறேன். அனுப்புவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை நீக்கியிருக்க வேண்டும். நீக்கவில்லை.

அந்தப் பக்கத்தின் தலைப்பு ‘அப்பா’. அப்பாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லி இரண்டு டாக்டர்கள் சொல்லியாகிவிட்டது. பிராக்கின் பழைய பகுதியில் தெருவெல்லாம் சின்னச் சின்னக் கல் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எங்கே பெஞ்ச் இருக்கிறது, எங்கே லிஃப்ட், கழிப்பறைக்குப் படி இறங்க வேண்டுமா என்று மூன்று வாரம் தேடித் தேடி எழுதினேன். கோட்டைக்கு இருபத்திரண்டாம் நம்பர் டிராமில் போனால் ஏற்றம் ஏற வேண்டாம். கடிகாரக் கோபுரத்தில் லிஃப்ட் இருக்கிறது, போகலாம். ஆற்றுப் பாலத்தின் முனையில் இருக்கும் கோபுரத்தில் லிஃப்ட் கிடையாது, வெறும் படிதான். அதற்கு நேராக, ‘அப்பா ஏற வேண்டாம், கீழே உட்காரட்டும்’ என்று எழுதியிருந்தேன். கடைசி வரியில் அண்ணனுக்கு ஒரு குறிப்பு: ‘இதெல்லாம் முட்டிக்காக என்று அவரிடமும் சொல்லாதே, திண்டிவனத்திலும் சொல்லாதே.’

திண்டிவனத்தில் சொல்லக்கூடாததற்குக் காரணம் உண்டு. அண்ணனுக்குப் பெண் பேசப் போனபோது அண்ணியின் அப்பா கேட்ட முதல் கேள்வி, “நெலத்த யாரு பாக்குறது?” என்பதுதான். “நானேதான்,” என்றார் அப்பா. அன்றைக்கு அது உண்மை. கல்யாணம் முடிந்த மறு வருடம் வரப்பில் நடக்க முடியாமல் போய், வளவனூர் பக்கம் இருக்கிற நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். அதைத் திண்டிவனத்தில் யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் மாப்பிள்ளையின் அப்பா எந்த விசேஷத்திலும் முன்னால் நடக்க வேண்டும், சீர்த்தட்டை நின்றுகொண்டு வாங்க வேண்டும். சம்மந்தி வீட்டார் நிற்கும்போது அவர் முதலில் உட்காரக்கூடாது. அப்பா இதுவரை உட்கார்ந்ததில்லை.

அண்ணியின் அப்பாவை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. அவர் வீடு, அவருடைய பெயின்ட் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், “வாங்க, ஒக்காந்து பேசி முடிச்சிடலாம்,” என்று அழைத்தார். பழத்தட்டுடன் போனோம். அப்பா கைப்பிடிச் சுவரைத் தொடாமல் மாடி ஏறினார். பின்னால் வந்த நான் அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு படியிலும் இரண்டு செருப்பும் சேர்ந்த பிறகுதான் ஒன்று அடுத்த படிக்குப் போனது.

காபி வந்தது. வேர்க்கடலையில் பிடித்த மல்லாட்டை உருண்டை வந்தது. அண்ணியின் அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதங்களை எடுத்தார். முதல் பக்கத்தில் அவருக்கு ஏகப்பட்ட குறை.

“இன்னாம்மா, ஒரு நாளைக்கு மூணு எடம்தான் போட்டிருக்க? நான் வீடியோல பாத்தேன். ஜல்தியா நடந்தா எட்டு எடம் பாத்துர்லாம்.”

“மூணுதான் நிதானமா பாக்க முடியும் மாமா,” என்றேன்.

“நிதானம் யாருக்கு வேணும்?” என்று காகிதத்தைத் திருப்பினார். “இதோ, இங்க எழுதியிருக்கியே. அவருக்கா?”

படித்தார். பெஞ்ச், லிஃப்ட், கழிப்பறை, எதையும் விடவில்லை. வலி மாத்திரை எத்தனை மணிக்கு என்று போட்டிருந்ததையும் படித்தார். அண்ணியின் அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என் அம்மா உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். கடைசி வரிக்கு வந்ததும் அண்ணியின் அப்பா குரலைத் தாழ்த்தி, எனக்காக மட்டும் படிப்பதைப் போல, “திண்டிவனத்திலும் சொல்லாதே,” என்று நிறுத்தினார்.

“எங்க கிட்ட மறைக்கறதுக்கு இன்னா இருக்கு சம்மந்தி? ஒடம்புன்னா வரத்தான் செய்யும். நீங்க புள்ள வீட்லயே ரெஸ்ட் எடுங்க. நாங்க எல்லாத்தயும் பாத்துக்கினு, போட்டோ புடிச்சிக்கினு வர்றோம். ஏர்போர்ட்ல வீல்சேர் சொல்லிட்டா அங்க இருக்கற ஆளே தள்ளிக்கினு போயிருவான், ஒரு பேஜாரும் இல்ல.”

அப்பா சிரித்தார். “அது பழசு சம்மந்தி. போன வருசம் கொஞ்சம் வலி இருந்திச்சி. பாப்பா அதையே வெச்சிக்கினு எழுதிட்டா.”

“அப்டியா. நெலத்த இப்ப யாரு பாக்குறது?”

“நான்தான்.”

அண்ணியின் அப்பா என்னைப் பார்த்தார். அப்பா சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதும், தெரிந்தது எங்களுக்கும் தெரிய வேண்டும் என்று விரும்புகிறார் என்பதும் அந்தப் பார்வையில் இருந்தன.

“அந்தப் பாலத்துக் கோபுரத்துல இன்னா போட்டிருக்க, பாப்பா?” என்று அப்பா கேட்டார்.

“நீங்க கீழ உக்காரணும்னு.”

“எத்தன படி?”

“நூத்தி சொச்சம்.”

“அத அடிச்சிட்டு, நான் ஏறுவேன்னு எழுது.” சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார்.

அந்த அறையில் எனக்கு வேறு வழி இருந்ததா என்று பலமுறை யோசித்துவிட்டேன். ஏறக்கூடாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மனிதர் படித்தது எல்லாம் உண்மை என்று நானே கையெழுத்துப் போட்டதாக ஆகியிருக்கும். அடித்தேன். எழுதினேன்.

“தப்பு என்னுதுதான் மாமா, பழைய ஷீட்டு,” என்றேன்.

“பரவால்லம்மா. இவ்ளோ படிச்சவங்களுக்கும் தப்பு வரும்ல,” என்றார் அவர்.

திரும்பும்போது காரில் அப்பா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கார் சுங்கச்சாவடியைத் தாண்டியது. பிறகு திரும்பிப் பார்க்காமல் சொன்னார், “எம் முட்டிய பிரிண்ட்டு போட்டு ஊருக்கே குடுத்துட்ட.”

“அவ ஒங்க நல்லதுக்குத்தான செஞ்சா,” என்றார் அம்மா.

“நல்லதுன்னா நாலு செவுத்துக்குள்ள செய்யணும். நான் கேட்டனா ஒன்ன, எனக்குக் கக்கூஸ் எங்க இருக்குதுன்னு கண்டுபுடின்னு?”

எனக்குக் கோபம் இருந்தது, யார் மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம்.

மறுநாள் அண்ணனிடம் பேசினேன். இரண்டு குடும்பத்தையும் வேறு வேறு மாதத்தில் கூப்பிடச் சொன்னேன். லீவு ஒரே வாரம்தான் என்றான். அப்பாவிடம் நீயே சொல்லிக் கோபுரத்தை எடு என்றேன்.

“நான் எப்டி சொல்றது? அவரு கேக்க மாட்டாரு. நீ ஏன் எல்லாத்தயும் எழுதி எழுதி வெக்கிற?”

“நீதானடா கேட்ட.”

“லிஸ்ட்டுதான கேட்டேன். ரிப்போர்ட்டா கேட்டேன்?”

போனை வைத்துவிட்டேன். அன்று மாலையே திட்டத்தைத் திருத்தினேன். பாலத்துக் கோபுரத்தை எடுத்துவிட்டு அந்த நேரத்துக்குப் படகுச் சவாரியைப் போட்டு, இந்த முறை ஒரே பக்கமாகத் திண்டிவனத்துக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அண்ணியின் அப்பா என்னிடம் பேசாமல் அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா போனை ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“கோபுரத்த காணோமே சம்மந்தி. முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க, நாங்க இன்னா வேத்து ஆளா?”

அப்பா போனை வைத்துவிட்டு என் மேஜைக்கு அருகில் வந்து நின்றார்.

“திரும்பப் போடு.”

“போட மாட்டேன்ப்பா. ஏறுறது கூடப் பரவால்ல, எறங்கறது முடியாது. குறுகலான படி, பாதியில ஒக்கார எடம் கெடையாது. அங்க விழுந்தா யாரு தூக்குவாங்க?”

“விழுந்தா விழறேன். அந்த ஆளு முன்னாடி கீழ ஒக்காந்திருக்க மாட்டேன்.”

“எங் கையால அத எழுத மாட்டேன்.”

“அப்ப ஒன் லிஸ்ட்டே எனக்கு வேணாம்,” என்றார். “அவருகிட்டயே குடுத்துடு. அவரே போடட்டும்.”

கொடுத்துவிட்டேன். அட்டவணையைத் திண்டிவனத்துக்கு அனுப்பி, இனி மாமாவே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு வரி எழுதினேன். இரண்டு நாளில் அவர் போட்ட திட்டம் வந்தது. ஒரு நாளைக்கு ஏழு இடம், டிராம் இல்லை, எல்லாம் நடை. இரண்டாம் நாள் காலையில் பாலத்துக் கோபுரம். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘சம்மந்தி முதலில்’ என்று எழுதியிருந்தார்.

போன வாரம் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா பின்னாலேயே வந்து, அப்பா தினமும் காலையில் எங்கே போகிறார் என்று கேட்டார். வாக்கிங் என்று சொல்லிவிட்டுப் போகிறாராம். மறுநாள் சீக்கிரம் எழுந்து பின்னால் போய்ப் பார்த்தேன். விழுப்புரம் ஜங்ஷனில் நடைமேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து. ரயிலுக்கு ஓடுகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மேலே போய் நின்று மூச்சு வாங்கினார். பிறகு திரும்பி நின்று, கம்பியைப் பிடித்தபடி பின்பக்கமாகவே இறங்கினார். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் இன்னும் ஒருவர் பார்த்துவிட்டார் என்று ஆகியிருக்கும்.

விசா வந்துவிட்டது. டிக்கெட் நான்கு பேருக்கும் போட்டாகிவிட்டது, புறப்பட இன்னும் பதினெட்டு நாள். திட்டம் திண்டிவனத்தார் போட்டதுதான், கோபுரம் அதில் இருக்கிறது. அப்பாவும் நானும் பேசிக்கொள்வதில்லை. படியைப் பற்றி அண்ணனுக்கு நான்கு முறை எழுதினேன். அவன் பதில் போடவில்லை.