பத்தொன்பதாம் எண் மனை

துபாயில், அல் குசைஸில் எங்கள் வீட்டு ஹாலில்தான் அந்த வீட்டுமனைச் சங்கம் பிறந்தது. சென்னைக்கு வெளியே கூட்டாக நிலம் வாங்கியிருந்த இருபது பேர், அப்பா செயலாளர். ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லேஅவுட்டைத் தரையில் விரித்து, யாருக்கு எந்த மனை என்று குலுக்கல் போட்டார்கள். சூதுவாது தெரியாத கை என்று சீட்டெடுக்க என்னை உட்கார வைத்தார்கள். எனக்கு எட்டு வயது. இந்தக் கையைப் பற்றி அப்படியொரு நல்ல அபிப்பிராயம் அதற்குப் பிறகு எவரும் சொன்னதில்லை.

அப்பாவுக்கு நான்காம் எண், மெயின்ரோட்டு கார்னர் மனை எடுத்துக் கொடுத்தேன். டிரைவர் மாமாவுக்குக் கடைக்கோடியில் பத்தொன்பது. அப்பாவின் கம்பெனியில் பஸ் ஓட்டிக்கொண்டு தொழிலாளர் கேம்ப்பில் இருந்தவர் அவர். அந்த வருடத்தோடு வேலை முடிகிறது. ஊருக்குப் போய் அந்த மனையில்தான் வீடு கட்டவேண்டும். ஊரில் வேறு இடம் கிடையாது.

லீவில் போன சித்தப்பா எல்லா மனைகளிலும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். பத்தொன்பதில் மட்டும் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார். சுற்றிலும் தண்ணீர் மின்னியது. டிரைவர் மாமாவுக்கு மட்டும் கடல் கிடைத்துவிட்டதே என்று எனக்குப் பொறாமை.

"சித்திரையிலயா இவ்வளவு தண்ணி?" என்றார் அப்பா. போட்டோ கை மாறிக் கை மாறி டிரைவர் மாமாவிடம் போனது. அவர் நெடுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நிலத்தை நேரில் போய்ப் பார்க்காமல் லேஅவுட்டை மட்டும் பார்த்துச் சரியென்றது தான்தானே என்று அன்றிரவு அப்பா அம்மாவிடம் சொல்வது கேட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை, எல்லார் முன்னாலும் டிரைவர் மாமாவுக்கு நான்கைக் கொடுத்துவிட்டுப் பத்தொன்பதை அப்பா வாங்கிக்கொண்டார்.

"எனக்கு ரோட்டுச் சத்தம் ஒத்துக்காதுப்பா."

விமானங்கள் மொட்டைமாடியை உரசிப் போகிற அந்தக் கட்டடத்தில் பதினோரு வருடம் குறட்டைவிட்டுத் தூங்கியவர். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பத்தொன்பது இன்றும் எங்களுடையதுதான். மழைக்காலத்தில் மட்டும் எல்லைக்கல் தெரியாது.

கூட்டம் கலைந்ததும் கீழே ஓடினேன். படிக்கட்டில் டிரைவர் மாமா உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த கடல் போய்விட்ட துக்கம் என்று புரிந்துகொண்டேன். எனக்கே வருத்தமாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, "அழாதீங்க மாமா. நாங்க லீவுக்கு வரும்போது நீங்களும் வந்து எங்க மனையில குளிக்கலாம்" என்று தாராளமாக அனுமதி கொடுத்தேன்.

"வர்றேன் தம்பி" என்றார் அவர். அதற்குப் பிறகுதான் இன்னும் அதிகமாக அழுதார்.