அத்தை மனதுக்குள் கேட்ட கேள்வி

சாமி இல்லை என்பதற்கு என் கணவரிடம் எப்போதும் காரணங்கள் தயாராக இருக்கும். புகையிலைக் கிட்டங்கியில் கணக்கு எழுதுகிறவர். சாயங்காலமானால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மணிக்கூண்டுப் பக்கம் நடக்கும் கூட்டங்களுக்குப் போய்விடுவார். சாமி உண்டு என்பதற்கு என் மாமியாரிடம் காரணம் எதுவும் கிடையாது. அவர் தேடியதும் இல்லை. வெள்ளிதோறும் தெருக்கோடி அம்மன் கோயிலுக்குப் போய்வருவார். நான் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தவள். அத்தையோடு கோயிலுக்கும் போவேன், கணவர் பேசினால் தலையும் ஆட்டுவேன். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் நல்ல மருமகளுக்கு அழகு என்று நினைத்திருந்தேன். இப்போது அதை நினைத்தால் என்மீதே எரிச்சல் வருகிறது.

மகளுக்கு அப்போது மூன்று வயது. இடது காதில் சீழ் வடிந்தது. பிள்ளைகளுக்குக் காது வடிவது எங்கள் தெருவில் சளி பிடிப்பது மாதிரிதான். அத்தை நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிக் காதில் ஊற்றினார். நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டேன். சில நாளில் சீழ் நின்றது. குணமாகிவிட்டது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தபோது காய்ச்சல் கண்டது. காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்து, காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. தொடவிடாமல் அலறினாள்.

பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் பார்த்துவிட்டு ஊசி போட்டார்.

“எலும்புக்குள்ள சீழ் எறங்கியிருக்கும்மா. நாளைக்குக் காலையில வீக்கம் வத்தியிருந்தா நான் நெனச்சது தப்பு, வீட்டுலயே இருங்க. வத்தலைன்னா மதுரைக்குக் கொண்டுபோயிருங்க. அறுத்துச் சீழை எடுக்கணும். மூளைக்குப் போயிட்டா ஒண்ணும் பண்ண முடியாது.”

வீட்டில் சொன்னதும் அத்தை நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “பச்சப்புள்ள தலையில கத்தி வைக்கிறதா? ஆத்தாகிட்ட ஒரு வார்த்த கேக்காம எப்படித்தா? பூக்கட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்.”

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் எடுப்பது, கிணறு வெட்டுவது, எதுவானாலும் செய்வார்கள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் ஒரே மாதிரி இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். கேட்கிறவர் கேள்வியை வாய்விட்டுச் சொல்லக்கூடாது, மனதுக்குள்தான் கேட்க வேண்டும். யாராவது ஒரு குழந்தை பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம்.

அன்று சாயங்காலம் கோயிலில் அத்தை கண்ணை மூடி மனதுக்குள் கேட்க, பூசாரியின் பேத்தி எடுத்தாள். பிரித்தால் நந்தியாவட்டை. வெள்ளை. காய்ச்சலில் துவண்ட மகள் என் தோளில் கிடந்தாள். நான் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். ஆத்தா, நீ இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். படித்தவள் அப்படி நினைக்கலாமா என்றும் தோன்றியது. ஆனால் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் துணிப்பையில் இரண்டு சேலையையும் பிள்ளையின் கவுனையும் எடுத்து வைத்தேன்.

அத்தை வாசல் நிலையில் நின்று பார்த்தார். “எங்கத்தா கெளம்புற?”

“மதுரைக்கு, அத்தே. காலையில வீக்கம் வத்தாட்டி மொத பஸ்ஸுக்குப் போயிருவோம். அதான் வெள்ளப்பூ வந்துருச்சே.”

“அதனாலதான் போகவேண்டாங்கறேன். அறுக்காமலே கொணமாகுமான்னுல்ல நான் கேட்டேன். ஆகும்னுட்டா ஆத்தா.”

அப்படித்தான் கேட்டாரா, இல்லை, கத்தி என்ற பயத்தில் வீட்டுக்கு வருகிற வழியில் கேள்வி மாறிவிட்டதா? அத்தை பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவர் மனதுக்குள் இருந்தது. அங்கே போய் யார் பார்ப்பது? அந்த வெள்ளைப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஒன்று சொன்னார், நான் ஒன்று சொன்னேன். அம்மன் எதுவும் சொல்லவில்லை.

கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். பூவாவது, மண்ணாவது என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார் என்று நம்பினேன். அதற்காகத்தானே இத்தனை வருடம் கூட்டத்துக்குப் போகிறார்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “அம்மா சொல்றாங்கள்ல. ரெண்டு நாள் பாப்போமே.”

“நீங்களா சொல்றீங்க?”

“எனக்கு நம்பிக்க இல்லதான். அதுக்காக வயசான காலத்துல அவங்க மனச நோகடிக்கணுமா? ஊசிதான் போட்டுருக்குல்ல.”

அத்தையின் மீது எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவர் நம்பியதைச் செய்தார். கணவர் நம்பாததைச் செய்தார். இவர் மீது வந்தது வேறு மாதிரிக் கோபம். அது இன்னும் ஆறவில்லை.

காலையில் வீக்கம் வற்றவில்லை. டாக்டர் சொன்னபடி மதுரைக்குப் போவோம் என்றேன். அத்தை குறுக்கே நின்றார். “பெத்தவளே இப்படிப் பேசுனா ஆத்தா எப்படித்தா காப்பாத்துவா? டாக்டரு சொன்னா நம்புறே. அவரு மட்டும் எலும்புக்குள்ள பூந்து பாத்தாரா?”

நியாயமான கேள்விதானே என்று அடுப்படியில் நின்று குழம்பினேன். போவதா வேண்டாமா என்று யோசித்தே அன்றும் மறுநாளும் போயின. மூன்றாம் நாள் விடியலில் பிள்ளை பாலைக் கக்கிவிட்டுக் கண் சொருகிக் கிடந்தாள். யாரிடமும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மதுரையில் போன அன்றே அறுத்தார்கள். உயிர் தப்பியது. இடது காது கேட்காது என்றார்கள். ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தால் கேட்டிருக்குமா என்று அங்கிருந்த டாக்டரிடம் கேட்டேன்.

“இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சொல்ல முடியாதும்மா.”

அத்தையின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது அங்கேதான். டாக்டர்களும் எலும்புக்குள் புகுந்து பார்க்கவில்லை. ஆனால் எது நடந்தால் தான் சொன்னது தப்பு என்று எங்களூர் டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். தெரியாததைத் தெரியாது என்று மதுரை டாக்டர் சொன்னார். அம்மனுக்கு அந்த இக்கட்டே கிடையாது. ஊருக்குத் திரும்பியதும் அத்தை பக்கத்து வீட்டில் சொன்னார், “ஆத்தா புள்ளையத் திருப்பிக் குடுத்துட்டா.” அடுத்த வாரம் என்னிடம் சொன்னார், “அறுக்க வேண்டாம்னுதான் அன்னிக்கே சொன்னா. கேட்டியா? காது போச்சு.” பிழைத்தது அம்மனால், காது போனது என்னால். எந்தப் பக்கம் விழுந்தாலும் தோற்காத ஒன்றை நம்புவதற்கு என்ன நியாயம் இருக்கிறது? தோற்கவே முடியாதென்றால் ஜெயித்தது என்று எப்படிச் சொல்வது? இதை நான் அத்தையிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அதே சமயம், மதுரை பஸ்ஸில் வாடிப்பட்டி தாண்டும் வரை நானும் “ஆத்தா, ஆத்தா” என்றுதான் முனகிக்கொண்டு போனேன். அது பகுத்தறிவா என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. பயம் என்பது மட்டும் தெரியும்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். டீச்சரிடம் சொல்லி, வலது காது பாடம் நடக்கும் பக்கம் இருக்கிற மாதிரி முதல் வரிசை ஓரத்தில் உட்கார வைத்திருக்கிறேன். போன மாதம் மணிக்கூண்டு அருகே கூட்டம். கணவர் பேசுகிறார் என்று பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ப் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

“தோழர்களே, எங்கயோ எதுக்குப் போகணும்? என் சொந்த வீட்டுலயே ஒரு பூ என் மகளோட காதைப் பறிச்சுருச்சு” என்றார். கை தட்டினார்கள். மகளும் அவர்களைப் பார்த்துத் தட்டினாள்.

கூட்டம் முடிந்து பேகம்பூர் ரோட்டில் நடந்து வந்தோம். கணவர் முன்னால், நாங்கள் பின்னால்.

“அன்னிக்கு வீட்டுல நீங்க என்ன சொன்னீங்கன்னு மேடையில சொல்லலையே,” என்றேன்.

“எது?”

“ரெண்டு நாள் பாப்போமேன்னது.”

அவர் திரும்பாமலே நடந்தார். “மேடையில எல்லாத்தையும் சொல்ல முடியுமா? அவங்க என் அம்மா.”

“இவ உங்க மக. பூவு காதைப் பறிச்சுச்சாம். பூவு எங்கங்க பறிச்சது? நாம மூணு பேரும் சேர்ந்துதான் பறிச்சோம். நம்புன ஒருத்தவங்க, நம்பாத ஒருத்தர், எதுன்னு தெரியாம அடுப்படியில நின்ன நான்.”

“அம்மா, யாரு எதைப் பறிச்சாங்க?” என்று மகள் கேட்டாள்.

கணவர் திரும்பி, “மெதுவாப் பேசு, ஆளுக போறாங்க” என்றார்.

நான் பிள்ளையை என் இடது பக்கத்துக்கு மாற்றிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“மெதுவாப் பேசுனா அவளுக்குக் கேக்காதுங்க.”