கண்ணில் ஊற்றிய உப்புத் தண்ணீர்

தேள் கொட்டினால் உப்புத் தண்ணீர் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். உடனே என் கொழுந்தனின் முகம் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

நான் பிளஸ் ஒன்னுக்கு உயிரியல் நடத்துகிறவள். கணவரும் அவர் தம்பியும் புளி வியாபாரம். மலைமேல் புதூர்நாட்டில் மூட்டை கட்டும்போது, பள்ளிக்கூடம் லீவு என்றால் நானும் கூடப் போவேன். அப்படிப் போன ஒரு நாளில், சாக்கைப் புரட்டிய என் கணவரின் வலது கையில் செந்தேள் கொட்டிவிட்டது.

கொழுந்தன் ஓடிப்போய் உப்பைக் கரைத்து வந்து அவருடைய இடது கண்ணில் ஊற்றினான். வலது பக்கம் கொட்டினால் இடது கண், இடது பக்கம் கொட்டினால் வலது கண். அவர்கள் வீட்டு வழக்கம் அது. கண் எரிகிற எரிச்சலில் கைவலி யாருக்கு நினைவிருக்கும்?

“வலி கொறஞ்சிடுச்சி,” என்றார் கணவர்.

“வெஷம் எறங்கிடுச்சி அண்ணி. மூட்டைய ஏத்திட்டு பொழுதோட போய்டலாம்,” என்றான் கொழுந்தன்.

அவருடைய சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கை ஜில்லிட்டிருந்தது. வாந்தி வேறு. அந்த வாரம்தான் இந்தப் பாடத்தை நடத்தியிருந்தேன். நரம்புச் செல்லின் சவ்வில் சோடியத்துக்கென்றே வாயில்கள் உண்டு. மின் துடிப்பு வந்தால் திறக்கும். வெளியே இருக்கும் சோடியம் உள்ளே பாயும். கண் சிமிட்டுவதற்குள் மூடிக்கொள்ளும். மூடினால்தான் நரம்பு ஓயும். தேளின் விஷம் அதை மூட விடாது, கதவிடுக்கில் கல்லை வைத்த மாதிரி. நரம்புகள் ஓயாமல் துடித்து இதயத்தைப் போட்டு விரட்டும். கைவலி குறைந்தாலும் அது உள்ளே நடந்துகொண்டேதான் இருக்கும். இவன் என்னடாவென்றால் அதே சோடியத்தைக் கரைத்துக் கண்ணில் ஊற்றுகிறான்.

“ஜீப்ப எடு. திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போவணும்,” என்றேன்.

“பாடத்த ஸ்கூல்ல வெச்சிக்குங்க அண்ணி. எங்கப்பாவுக்குக் கொட்னப்போ இன்னா ஊசி போட்டாங்க?”

“அவன்தான் சொல்றான் இல்ல,” என்றார் கணவர், மூச்சு வாங்கியபடி. அந்த நிமிடம் இரண்டு பேரையும் சேர்த்து வெறுத்தேன். ஜீப்பில் ஏற்றியிருந்த மூட்டைகளை உருட்டிக் கீழே தள்ளினேன். ஒன்று பிரிந்து புளியெல்லாம் மண்ணில் கொட்டியது. அதைப் பார்த்துக் கொழுந்தன் பதறிய பதற்றம், அண்ணனைப் பார்த்து வரவில்லை.

“மத்ததும் பிரியும். மொதல்ல உங்கண்ணன ஏத்து,” என்றேன்.

ஏற்றினான். மலை இறங்கி முடிக்கும்வரை என்னைத் திட்டிக்கொண்டேதான் ஓட்டினான்.

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தார்கள். இன்னும் நேரமாகியிருந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கும் என்று டாக்டர் கொழுந்தனை வைத்துக்கொண்டே சொன்னார். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலை கணவரின் கையில் சூடு திரும்பியது. நான் அதை விடாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள்.

“தம்பி மட்டும் உடனே உப்புத் தண்ணி ஊத்தலன்னா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்,” என்று அவர்களிடம் சொன்னார் என் கணவர். “இவ பாட்டுக்குப் புளி மூட்டையக் கொட்டி நஷ்டம் பண்ணிட்டா.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் கை அப்போதும் என் கைக்குள்தான் இருந்தது, நல்ல சூடாக. உதறிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.