கோமதி படித்த நுரையீரல்கள்

விருதுநகரில் நோயாளிகள் நெரிசலுக்கு நடுவே செய்தி வந்தது. மதுரை ஸ்கேன் மையத்தில் படம் பார்த்துச் சொல்லும் டாக்டர் கோமதி மாரடைப்பில் போய்விட்டார். கையிலிருந்த எக்ஸ்ரேயைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

நான் நுரையீரல் மருத்துவன். அவர் அணு மருத்துவம். “உங்க கையெழுத்தைப் படிக்கிறதுக்கு நுரையீரலைப் படிக்கிறது லேசு” என்று போனில் வம்புக்கு இழுப்பார். கொரோனாவுக்குப் பிறகு மூச்சுத்திணறலோடு வந்த பட்டாசுத் தொழிலாளர்களின் சி.டி. படங்களில் நிழல்கள் நிறைய இருக்கும். எது பழைய ரசாயனத் தூசியின் தழும்பு, எது வைரஸ் விட்டுப்போன ஆறாத புண் என்று எனக்குப் பிடிபடாது. தழும்பென்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. புண்ணென்றால் ஆற்றலாம். அதைப் பிரித்துச் சொல்லத்தான் கோமதி வேண்டியிருந்தார்.

ஆனைக்குட்டம் பட்டாசுத் தொழிலாளி மாரியப்பனை அப்படித்தான் பெட் ஸ்கேனுக்கு அனுப்பினேன். கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றினால், புண் உள்ள இடம் அதை இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். மாரியப்பனுக்கோ நுரையீரல் மங்கிக்கிடந்தது. தோளும் கையும் பளிச்சென்று இருந்தன. கோமதி படத்தை விட்டுவிட்டு ஆளைக் கூப்பிட்டார். அன்று மதுரைக்குப் போயிருந்த நானும் அங்கிருந்தேன்.

“காலையில என்ன செஞ்சீக?”

“வெறும் வயித்தோடதாம்மா வந்திருக்கேன்.”

“சாப்பாட்டைக் கேக்கல. வேலைக்குப் போனீகளா?”

மாரியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். “வெயிலுக்கு முன்ன போயி பட்டாசு மருந்து சலிச்சுட்டு வந்தேன். சீசன்ல போகலைன்னா, மூச்சு போனவன்னு வேற ஆளப் போட்ருவாகம்மா.”

வேலை செய்த தசையும் சர்க்கரையை இழுக்கும்; மருந்து சலித்த கைகள் நுரையீரலுக்கு முன் அதை வாங்கிக்கொண்டுவிட்டன. கோமதி திட்டவில்லை. ஓய்வெடுக்கவைத்து, வேறொரு நாள் மறுபடி ஊசி போட்டுப் படம் எடுத்தார். இந்த முறை நுரையீரலின் அடிப்பகுதி ஒளிர்ந்தது.

“இதெல்லாம் பழைய சாம்பல். இங்கன மட்டும் கங்கு கெடக்கு. அணைச்சுரலாம்” என்று மாரியப்பனிடம் காட்டினார். அந்த மனிதர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். சிகிச்சையில் மெல்ல மூச்சு திரும்பியது, வேலையும் தப்பியது.

இறுதிச் சடங்குக்கு மாரியப்பன் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “எங்க நெஞ்சையெல்லாம் அம்புட்டுப் பாத்தாகளே, அவுக நெஞ்ச யாரும் பாக்கலையாய்யா?”

அந்தக் கேள்வியோடுதான் ஊர் திரும்பினேன்.

படத்தை விட்டுவிட்டு ஆளைக் கேட்கும் அவருடைய பழக்கத்தை நான் வைத்துக்கொண்டேன். இப்போது உடன் வேலை பார்க்கும் டாக்டர்களையும் விடுவதில்லை. இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கும், கோமதியை அறிந்த உங்களையும் கேட்கிறேன்: கடைசியாக எப்போது உங்கள் நெஞ்சை யாரிடமாவது காட்டினீர்கள்?