விதைக்கு ஆகாது, குழம்புக்கு ஆகும்

குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுத் திருவிடைமருதூரில் பேருந்துக்கு நின்றிருந்தபோது எங்கள் குழுவில் இருக்கும் மலர் போன் செய்தாள். மகளிர் குழுத் தலைவி விஜயா அக்கா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அழுதுகொண்டிருந்த மலரிடம் நான் கேட்டது, "விதைக்கிழங்கு யார் வீட்ல இருக்கு?" என்றுதான். அக்காவை அறிந்த நீங்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். அவரும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

கருமாதி முடிந்து, கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு, தாமதமாகத்தான் அக்காவைப் பற்றி இதை எழுதுகிறேன்.

காவிரிப் படுகையில் குத்தகைக்கு நிலம் பிடித்துச் சேனைக்கிழங்கு போடலாம் என்று அக்கா சொன்னபோது, நெல்லைத் தவிர வேறு தெரியாத எங்களுக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. முதல் வருடம் குடை விரித்தது போல நின்ற செடிகள் ஐப்பசி மழையில் வரிசையாகச் சாய்ந்தன. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெள்ளைப் பூசணம், அதில் கடுகு கடுகாக உருண்டைகள். தாவரவியல் படித்தவள் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பூஞ்சையின் பெயரைச் சொன்னேன்.

"பேரு இருக்கட்டும்டி. எப்படி வந்துச்சு, அதச் சொல்லு" என்றார் அக்கா.

யோசித்தபோது வழி தெரிந்தது. விதைக்கு வைத்த கிழங்கைக் குப்பையில் போட நம் ஊரில் யாருக்கும் மனம் வராது. அழுகிய இடத்தை மட்டும் நோண்டி எறிந்துவிட்டு மீதியை நட்டிருந்தோம். நோண்டிய கத்தியாலேயே நல்ல கிழங்கையும் துண்டு போட்டிருந்தோம். மழைத்தண்ணீர் தேங்கியதும் நோய்க்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

மறுவருடம் மேட்டுப்பாங்கான வேறு இடத்துக்கு மாறினோம். விதை பொறுக்கும் வேலையை அக்கா என்னிடம் கொடுத்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். பால் புட்டியை மறுபடி மறுபடி கொதிக்க வைப்பவள், தூங்குகிற பிள்ளையின் மூக்கில் விரல் வைத்து மூச்சு பார்ப்பவள் என்று என் பயம் தெருவுக்கே தெரியும்.

"பயப்படுறவதான் விதை பொறுக்கணும். தைரியசாலிங்க எல்லாம் குழி வெட்டுங்க, போங்க" என்று அவர்களை அனுப்பிவிட்டார். கத்திகளைக் கொதிநீரில் போட்டுப் போட்டு எடுக்க வேண்டும் என்று நான் சொன்னதும், அடுப்பு மூட்டி அந்தப் பானைக்குத் தானே காவல் உட்கார்ந்தார். கையரிப்புக்கு எண்ணெய் தடவியபடி, புட்டிக்காரி கொதிக்கச் சொன்னால் கொதிக்க வேண்டியதுதான் என்று கேலி வேறு.

நடவு அன்று குழியெல்லாம் எரு போட்டுத் தயாராக இருந்தது, ஆட்களும் வந்துவிட்டார்கள். ஒரு குவியலின் அடியில் இருந்த கிழங்கை அழுத்தினேன். கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. அதைச் சுற்றியிருந்தவை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. பக்கத்தில் இருந்ததற்காக அவற்றுக்கும் தண்டனையா என்று மலர் சண்டைக்கு வந்தாள். அக்கா என்னிடம் கேட்டார்.

"நீ நடுவியா?"

"பயமா இருக்குக்கா."

அவ்வளவுதான். கூட்டிவந்த ஆட்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினார். அழுகியதை எரிக்கச் சொன்னார். கெட்டியாக இருந்தவற்றைக் காட்டி, "விதைக்கு ஆகாது, குழம்புக்கு ஆகும். ஆளுக்குக் கொஞ்சம் தூக்கிட்டுப் போங்க" என்றார். அந்த வாரம் தெரு முழுக்கச் சேனை மணம். தன் தட்டில் சோறு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருப்பதாக அவர் வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். காலிக் குழிகளில் காராமணி போட்டோம். அந்த ஐப்பசி மழையில் எங்கள் சேனை சாயாமல் நின்றது.

போன வாரம், அக்கா இல்லாமல் அவர் வீட்டுக் கொல்லையில் விதை பொறுக்க உட்கார்ந்தோம். மலர் எடுத்த முதல் கிழங்கே பெரியது, அழகானது. திருப்பிப் பார்த்தால் அடியில் மெத்தென்று ஒரு இடம்.

"இத்தனூண்டுதானே. அக்காவே இருந்தாலும் விட்ருப்பாங்க" என்றாள்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நல்லதைக் கெட்டது என்றால் இந்த வருடத்து விதை போய்விடும், கெட்டதை நட்டால் படுகையே போய்விடும்.

"இது எரிக்க. இத ஒட்டிக் கெடந்ததெல்லாம் குழம்புக்கு" என்றேன்.

மலர் அதை எரிக்கிற பக்கம் வைத்தாள். அக்காவின் வீட்டுக்காரர் எழுந்து போய், கத்திகளைக் கொதிக்க வைக்க அடுப்பில் பானையை ஏற்றினார்.

அக்காவின் நினைவாக ஏதாவது எடுத்துக்கொள் என்று அவர் பிறகு சொன்னார். வேண்டாம் என்றேன். என் பயத்தை எல்லோரும் விடச் சொன்னார்கள். அதற்கு ஒரு வேலை கொடுத்தவர் அக்கா. அந்த வேலையை நான் வைத்துக்கொள்கிறேன்.